ஒளிப்பேழைக்குள் வள்ளி திருமணம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் வாலிகண்டபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘மேடை இசைநாடகமும் ஒளிப்பதிவும்’ என்பதாகும். பரந்த தலைப்பு. அதனை ஒரேயொரு நாடகத்தின்மேல் வைத்துப் பேச அனுமதி வேண்டுகிறேன். அந்நாடகம் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்.’ இவ்வூரில் நின்று முருகனைப் பேசுவதற்குத் தனியே காரணம் காட்ட வேண்டியதில்லை. அருணகிரியார் திருப்புகழில் வைத்துப் பாடிய ஊர் இது. தெற்கே செட்டிகுளத்தில் கையில் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணியைப் பங்குனி உத்திரத்தில் காணாதவர் இவ்வவையில் மிகச் சிலரே இருப்பர்.

மேலைநாட்டார் பாட்டாலேயே கதையை நடத்தும் நாடகத்தை ஆப்பரா என்பர். அதில் நகைச்சுவை மிக்கது ஒரு தனி வகை. மோட்சார்ட் இசையமைத்த ‘ஃபிகாரோவின் திருமணம்’ 1786இல் வியன்னாவில் அரங்கேறியது. வேலைக்காரர்கள் தம் எசமானனை மடக்கும் கதை. 1973இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் அரங்கில் பீட்டர் ஹால் நெறியாள்கையில் நடந்த ஃபிகாரோவைத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்தார்கள். இன்றும் அது குறுவட்டாகக் கிடைக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு கோடைப் பருவத்தில் பாடியோர் அனைவரும் அதே குரலோடு, அதே இளமையோடு நம் கூடத்திற்கு வந்து நிற்கிறார்கள். அதனைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஏனெனில் எஸ்.ஜி. கிட்டப்பா வேலனாக மேடையேறி நின்ற ஒரு கணம்கூட நமக்குப் படமாக எஞ்சவில்லை. 1933 டிசம்பரில், முப்பது வயது நிரம்புமுன், அவர் மறைந்தார். இசைத்தட்டில் குரல் இருக்கிறது. அக்குரலைக் கேட்டு எதிரே வள்ளியாக நின்ற கே.பி. சுந்தராம்பாள் முகத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிந்தவர் எவரும் இன்று இல்லை.

‘வள்ளி திருமணம்’ பக்தி நாடகமாயிற்றே, அதனை நகைச்சுவை இசைநாடகம் என்பது பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். கதையை நினைவுகூர்க. வள்ளிக்கொடி அகழ்ந்த குழியில் கிடைத்த பெண்குழந்தை குறவர் தலைவன் நம்பியின் குடிசையில் வளர்கிறாள். பருவம் எய்தித் தினைப்புனம் காக்கிறாள். அவளை விரும்பி வரும் தெய்வம் தன் தெய்வத் தன்மையைக் காட்டிக் கைப்பிடிக்கவில்லை. வேடனாக வந்து வாயாடித் தோற்கிறது. தமையன்மார் வரும் ஓசை கேட்டு வேங்கை மரமாகிறது. பின்னர்ப் பல்லுப்போன கிழவனாகி, தேனும் தினைமாவும் கேட்டுத் தின்று, விக்கலெடுத்து, தண்ணீர் கேட்டு, இறுதியில் அண்ணனாகிய யானைமுகனைத் துணைக்கு அழைத்துத்தான் காரியத்தை முடிக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் இறுதியில் வள்ளியம்மை திருமணப் படலமாக விரித்தது இக்கதையையே. சூரனை வென்ற வேல் இங்கு ஒரு கவண்கல்லின் முன் நாணி நிற்கிறது. இதனைவிட நகைக்கு வேறு களன் வேண்டுமோ? மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் நகைக்கு வகுத்த நிலைக்களன்களுள் இளமையும் எள்ளலும் இந்நாடகத்தில் வள்ளியின் பக்கம் நிற்கின்றன; பேதைமையும் மடமையும் தேவசேனாபதியின் பக்கம் நிற்கின்றன. முருகனைக் கூடிய வள்ளியை நற்றிணை 82ஆம் பாட்டு உவமையாக எடுத்தாள்வதால் கதையின் பழமை விளங்கும். ஆனால் அவளுக்கு வாய் கொடுத்தது மேடைதான்.

மோட்சார்ட்டின் மற்றொரு நகைநாடகம் ‘கோசி ஃபான் துத்தே’, 1790இல் அரங்கேறியது. அதில் இரு படைத்தலைவர்கள் வேற்றுநாட்டார் வேடமிட்டு வந்து, ஒருவன் மற்றவனின் காதலியைச் சோதிக்கிறார்கள். பெண்கள் தோற்றுப்போகிறார்கள், ஆண்கள் மன்னிக்கிறார்கள். நம் மேடையிலும் வேடமிட்டு வருபவன் ஆண்தான், சோதனைக்கு ஆளாகுபவள் பெண்தான். ஆனால் தோற்பவன் வேடமிட்டவன். எங்கள் கல்லூரியில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “நம்ம வள்ளி விவரமான புள்ள மேடம்” என்றாள். ஒப்பிலக்கியத் தாளில் எழுதத்தக்க விடை அன்று. எனினும் மதிப்பெண் கொடுக்கலாம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிப் பகுதியிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து புதுச்சேரியில் மறைந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். வெண்பாவும் விருத்தமும் சந்தமும் அவருக்குக் கைவந்தவை. இவற்றைப் பண்டிதர்க்கென்று வைக்காமல், படிப்பறியா உழவரும் விடிய விடிய அமர்ந்து கேட்கும் வண்ணம் நாடகப் பாட்டாக்கினார். அவர் இயற்றிய பாடல்கள் தமிழ்நாட்டு நாடக நடிகர் அனைவர்க்கும் பொதுச்சொத்தாயின. ‘ஸ்பெஷல் நாடகம்’ எனும் முறை உருவானதற்கு இதுவே அடிப்படை. அதில் குழு என்பதே இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், நாரதர் மூன்றாம் ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு எனத் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்து வரவழைக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. சில வேளைகளில் வேலனும் வள்ளியும் ஒருவரையொருவர் முதன்முதலாகக் காண்பதே அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான். பாட்டு சுவாமிகளுடையது, வசனம் அவரவருடையது.

எனவே ‘தர்க்கம்’ எனப்படும் பகுதி உண்மையிலேயே தர்க்கமாக அமைகிறது. வேடன் வந்து மானைக் கண்டாயா என்கிறான். வள்ளி, எந்த மான், அதற்கு என்ன அடையாளம் என்கிறாள். அவன் சொல்லும் அடையாளம் ஒவ்வொன்றும் அவளையே சுட்டுகிறது. புராணத்தில் வள்ளியை ஈன்றதும் ஒரு மான் என்பதை அறிந்தவர்க்குச் சிலேடை இருமடங்காகும். அவன் அடுத்து என்ன கேட்பான் என்பது அவளுக்குத் தெரியாது. முன்னிரவில் வேற்றூரில் வேறொரு வேலன் கேட்டது வேறு. அவள் திணறினால் ஊரே சிரிக்கும். அவன் திணறினால் ஊர் இன்னும் பெரிதாகச் சிரிக்கும். அந்நேரத்தில் மேடையில் உண்மையான இடர் ஒன்று இருக்கிறது. இசைநாடகம் உயிரோடிருக்கும் இடம் அதுவே என்பது என் கருத்து.

திரைப்படம் இந்நாடகத்தை விரைவிலேயே எடுத்துக்கொண்டது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்தது. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமியே 1933இல் கல்கத்தாவில் எடுக்கப்பட்ட ‘வள்ளி திருமணம்’ படத்தில் வள்ளியானார். அடுத்த ஆண்டில் ‘பவளக்கொடி’, எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த நாடகத்தையே கே. சுப்பிரமணியம் படமாக்கினார். 1945இல் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் ‘ஸ்ரீவள்ளி’யில் டி.ஆர். மகாலிங்கம் முருகனானார். வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டுக் குரல் நிறைவு தராமையால், அதனை நீக்கிவிட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். மேடையில் நினைத்தும் பார்க்க முடியாத செயல் இது. உதடு ஒருத்தியுடையது, ஓசை மற்றொருத்தியுடையது. அப்படம் பெருவெற்றி பெற்றது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மேடையோ அதற்கு முன்பே வேறு பணியில் இறங்கியிருந்தது. விசுவநாததாஸ் முருக வேடத்தில் வந்து, தினைப்புனத்துப் பறவைகளை விரட்டுவதாகப் பாடும்போதே வெள்ளையரை விரட்டும் பாட்டாக அதனை மாற்றுவார். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருக்கையில் மயில்மேல் அமர்ந்த முருகன் கோலத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்த இரவை யாரும் படம்பிடிக்கவில்லை.

இனி ஒளிப்பேழைக்கு வருகிறேன். 1990களின் இறுதியில் நான் இளங்கலை மாணவி. எங்கள் உறவுக்காரர் ஊர்த் திருவிழாவில் நடந்த ‘வள்ளி திருமண’த்தைத் திருமணப் படப்பிடிப்பாளர் ஒருவரைக் கொண்டு பதிவு செய்திருந்தார்கள். என் அப்பாயி அப்போது படுக்கையில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நாடகம் எந்த ஊரில் நடந்தாலும் கட்டுச்சோற்றோடு மாட்டுவண்டியில் சென்று பார்த்தவர். அவருக்குக் காட்டலாம் என்று சித்தப்பா அப்பேழையை வாங்கிவந்தார். பெட்டியை முடுக்கினோம். விநாயகர் துதி முடிந்ததும் நேரே நாரதர் வந்தார். அப்பாயி கேட்டார்: “ஏன் புள்ள, பபூன் எங்க?”

பபூன் இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் கதை தொடங்கும் முன் பபூன் காட்சியும், அவனோடு நடனப்பெண் ஆடிப் பேசும் காட்சியும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் நடக்கும். பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை வரை நீளும் நாடகத்தை மூன்று மணி நேரப் பேழைக்குள் அடைக்க வேண்டும். எதை வெட்டுவார்கள்? கதைக்கு வேண்டாதது எனத் தாம் கருதியதை வெட்டினார்கள். தர்க்கத்திலும் பாதியே இருந்தது. அது எஞ்சிய பாதியிலும், படம் மேடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. வசனத்திற்குச் சிரித்த ஊர் எங்கும் இல்லை. சிரிப்பொலி மட்டும் தொலைவில் கடலிரைச்சல்போல் கேட்டது. ஆயினும் அப்பாயி படத்தோடு சண்டையிட்டார். வேடன் ஒன்று கேட்டு வள்ளி சற்றுத் தயங்கிய இடத்தில், படுத்தபடியே அவளுக்காக விடை சொன்னார். அவ்விடையை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி செய்யப்போகும் ஒருத்தி அன்று நோட்டுப் புத்தகம் இல்லாமல் அமர்ந்திருந்ததை இன்றளவும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்பாயி அவ்வாண்டுத் தை மாதத்தில் காலமானார்.

பிற்காலத்துக் குறுவட்டுகள் இன்னும் கொடியவை. தொடக்ககாலக் குறுவட்டில் எழுபத்து நான்கு நிமிடமே அடங்கும். வேங்கை மரம், கிழவன், யானை என ஓடி முடித்துவிடுவார்கள். கடைகளில் அவை விற்பனையாயின. நடித்தவர்க்கு அதில் பங்கு வந்ததா என நான் விசாரித்த கலைஞர் எவரும் ஆம் என்று சொல்லவில்லை. இன்றோ கைப்பேசியில் துண்டு துண்டாகப் பரவுகிறது. துண்டுகளில் பபூன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அவன் மட்டுமே வந்தான். நடனப்பெண்ணின் ஒரு சொல்லையோ ஓர் அசைவையோ அறுத்தெடுத்து, யார், எந்த ஊர் என்ற விவரம் இன்றி, நகையாடுவதற்கென்றே போடுகிறார்கள். முன்பு வெட்டி எறிந்ததை இப்போது அது மட்டும் போதும் என்கிறார்கள். இரண்டும் வெட்டுதான்.

முனைவர் பட்டத்திற்கு இத்தலைப்பையே எடுக்க விரும்பினேன். அப்போது எனக்கு வாய்த்த ஒரு பெரியவர், நாடகக் கொட்டகை இலக்கியம் ஆகாது, குறவஞ்சியில் எடுத்துக்கொள் என்றார். எடுத்தேன். குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் பேசும் பேச்சு பபூன் காட்சிக்குப் பாட்டன் முறை ஆகும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஏட்டில் இருந்தால் இலக்கியம், கொட்டகையில் இருந்தால் கூத்து. அமெரிக்க அறிஞர் சூசன் சைசர் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞரோடு பழகி 2005இல் வெளியிட்ட ஆங்கில நூலில், நாம் ஒதுக்கிய அந்தப் பபூன், நடனக் காட்சிகளுக்கே பல இயல்களைக் கொடுத்துள்ளார். அந்நூலை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே வந்தன.

இந்தப் பின்னணியில்தான், பத்தாம் ஆண்டு நினைவாக ‘வள்ளி திருமணம்’ ஒன்றை முழுமையாக, ஒரு நொடியும் வெட்டாமல் பதிவு செய்து வைப்போம் என்று சென்ற ஆண்டு நான் முன்மொழிந்தேன். வட்டம் ஏற்றது. உறுப்பினர் பலர் நன்கொடை தந்தார்கள். புதுக்கோட்டை, மணப்பாறைப் பக்கமிருந்து கலைஞர்கள் வந்தார்கள். இரண்டு ஒளிப்பதிவுக் கருவிகள், போதிய நினைவகம். ஊதியம் மட்டுமன்றிப் பதிவுக்கென ஒரு தனித்தொகையும் முன்னதாகவே கொடுத்தோம். எல்லாம் ஒழுங்காயிருந்தது என நினைத்தேன்.

மாலை ஒப்பனைக் கொட்டகைக்குச் சென்று ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்டேன். நடனம் ஆட வந்திருந்த அம்மையார் மட்டும் மறுத்தார். பதினைந்து ஆண்டுகளாக மேடையேறி வருபவர். அவர் மகள் செவிலியர் படிப்பு படிக்கிறாள்.

“டீச்சரம்மா, நீங்க நல்லதுக்குத்தான் எடுக்குறீங்க. எனக்குத் தெரியுது. ஆனா நான் பேசுறது இந்த ஊரு சனத்துக்கு, இன்னிக்கு ராவுக்கு. விடிஞ்சா நானும் போயிருவேன், பேச்சும் போயிரும். அது போறதுனாலதான் என்னால பேச முடியுது. நாளைக்கு எம்மவ கல்லூரியில ஒருத்தன் போன்ல வச்சுப் பாத்தான்னா?”

அது வெளியே போகாது, நூலகத்தில் பூட்டி வைப்போம், ஆய்வாளர் மட்டுமே பார்ப்பர் என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “வள்ளியா நடிக்கிறவங்களக் கேட்டீங்க, சரின்னாங்க. ஏன்னா அவங்க வள்ளி. நான் யாரு?” என்றார். ‘முழுமை’ என்ற சொல்லை அதுவரை எத்தனையோ கருத்தரங்குகளில் எளிதாகச் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அது என் வாயிலிருந்து வரவில்லை.

தமிழ் ஆய்வுக்காக என்று இன்னும் வற்புறுத்தியிருக்கலாம் என நண்பர் சிலர் பின்னர்க் குறைபட்டனர். கொடுத்த தொகையைக் காட்டிக் கேட்டிருந்தால் ஒருவேளை இசைந்திருப்பார். அப்படிக் கேட்டுப் பெற்றிருந்தால் நமக்கும் கைப்பேசியில் அறுத்தெடுத்துப் போடுபவனுக்கும் உள்ள வேற்றுமையை எதனால் நிறுவுவது? நான் கேட்கவில்லை. அத்தொகையைத் திரும்பவும் பெறவில்லை.

ஆனால் ஒரு வழி தோன்றியது. சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மர் பெர்க்மன், மோட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழ’லைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கினார், 1975 புத்தாண்டு நாளில் அது ஒளிபரப்பானது. பறவை பிடிப்பவன் ஒருவன் அதில் கோமாளி. பறவை ஓட்டும் நம் வள்ளிக்கு அவன் தூரத்து உறவு போலும்! அதன் தொடக்க இசை முழுவதும் பெர்க்மன் மேடையைக் காட்டுவதில்லை. பார்வையாளர் முகங்களையே காட்டுகிறார். கிழவர், இளைஞர், மீண்டும் மீண்டும் ஒரு சிறுமி. உண்மையில் அது நடந்த அரங்கன்று. பழைய அரங்கொன்றைப் போலப் படப்பிடிப்புத் தளத்தில் கட்டியது. ஆயினும் நாடகத்தின் ஒரு பாதி மேடைக்கு எதிரே இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். நம் ஊர்க்காரர்க்கு இது புதிதன்று. எதிர்நின்றார் வலிமையில் பாதியைப் பெற்றுக்கொள்ளும் வாலி வழிபட்ட தலமல்லவா இது. மேடையில் நிற்பவரும் எதிரே அமர்ந்திருப்பவரிடமிருந்து பாதியைப் பெற்றே ஆடுகிறார்.

அம்மையாரிடம் மீண்டும் சென்றேன். “உங்களை எடுக்க மாட்டோம். உங்கள் குரலையும் எடுக்க மாட்டோம். அந்நேரம் சனத்தின் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அத எடுத்துக்கங்க. அவங்க சிரிக்கிறது எனக்கும் மேடையில இருந்து முழுசா தெரியாது, வெளிச்சம் கண்ணடிக்கும். ஒரு படி எனக்கும் குடுங்க.”

அவ்வாறே செய்தோம். முன்வரிசையில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, பபூன் காட்சி தொடங்கியதும் இரண்டு கருவிகளையும் திருப்பினோம், ஒலிவாங்கிகளை நிறுத்தினோம். ஐம்பத்திரண்டு நிமிடம். ஓசையே இல்லை. குழல்விளக்கு வெளிச்சத்தில் ஊர் அமர்ந்திருக்கிறது. முந்தானையால் வாய் பொத்திக்கொண்டு குலுங்கும் பெண்கள். சிரிப்பதா வேண்டாமா எனத் தம் மருமகனைத் திரும்பிப் பார்க்கும் ஒரு மாமனார். அதட்டிக்கொண்டே சிரிக்கும் ஓர் ஆசிரியர் (அவர் இவ்வவையில் இருக்கிறார், பெயர் சொல்லேன்). ஓரத்தில் ஒரு மூதாட்டி. மேடையிலிருந்து கேள்வி ஒன்று வந்திருக்க வேண்டும். அவர் வாய் அசைகிறது. விடை சொல்கிறார். அது என்ன விடை என்பதை இம்முறையும் நான் அறியேன்.

அதன் பின்னர் நாரதர் வருகிறார், ஒலி திரும்புகிறது, விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு மங்களம் பாடும்வரை எதுவும் வெட்டப்படவில்லை. தர்க்கம் மட்டும் ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடுகிறது. அதில் வேலன் மூன்று இடங்களில் திணறுகிறார், வள்ளி ஓரிடத்தில். கலைஞர் ஒவ்வொருவர்க்கும் ஒரு படி அனுப்பிவிட்டோம், அம்மையார் உட்பட. நம் வட்டத்தின் நூலக அலமாரியில் ஒரு படி இருக்கிறது. பார்க்க விரும்புவோர் செயலாளரிடம் சொல்லி, அங்கேயே அமர்ந்து பார்க்கலாம். வெளியே கொடுப்பதில்லை என்று வாக்களித்திருக்கிறோம்.